இரண்டாம் பேஸ்காரருக்காக ஒரு மகஜர்

விதி இப்படிச் சொல்கிறது: பேஸ்பால் பெருந்தொடரில் பத்து வருடம் ஆடி, அவற்றில் கடைசி ஐந்து வருடத்தையும் ஒரே அணியில் கழித்த ஆட்டக்காரரை, அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்ற முடியாது. முப்பது வருடமும் நான்கு மாதமும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் விதிகளோடு குடும்பம் நடத்தியவள் நான். பிரிவு, உட்பிரிவு, அடிக்குறிப்பு என்று எவ்வளவோ படித்தாயிற்று. இடம் மாற்றப்படும் ஆளையே கூப்பிட்டு, உமக்குச் சம்மதமா என்று கேட்கச் சொல்லும் விதி எதையும் அங்கே கண்டதில்லை. அப்படி ஒன்றை ஒரு பந்து விளையாட்டில்தான் கண்டேன். அப்போது எனக்கு வயது பதினொன்று.

அந்த விதியை எனக்கு அறிமுகம் செய்த பேஸ்பால் அணி இப்போது மொன்றியலில் இல்லை. போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் ஒவ்வொரு பனிக்காலமும் அது திரும்பி வரப்போவதாக யாராவது எழுதுகிறார்கள். யாரை வாங்கலாம், யாரை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று வானொலியில் மணிக்கணக்காக வாதாடுகிறார்கள். இல்லாத அணிக்கு ஆள் சேர்க்கும் நகரம் வேறு எங்கும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நகரின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் என் வீட்டுக் குசினியில் நான் வானொலியை அணைத்தால் அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

"ஏன் நிப்பாட்டினனி? ஆரோ வாறான் எண்டெல்லோ சொன்னவங்கள்."

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பந்து எந்தப் பக்கத்தால் வரும் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் பனிக்காலத்து வதந்தி ஒன்றையும் தவறவிட மாட்டார். அந்தப் பழக்கத்தைக் கடிதத்தில் மடித்து அனுப்பி வைத்தவள் நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அப்பா, அப்பாவின் தம்பியான என் சித்தப்பா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அம்மாவும் கைக்குழந்தையாக நான் விட்டுவந்த தம்பியும் மன்னாரில் இருந்தார்கள். அப்பாவும் மகளும் முதலில் போவது, ஆறு மாதத்தில் மற்ற இருவரையும் கூப்பிடுவது என்று குடும்பத்து ஆண்கள் கூடி முடிவெடுத்திருந்தார்கள். ஆறு மாதம் பதினாறு மாதமாகியிருந்தது. அப்பாவை இந்த நாடு அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மனைவியையும் பிள்ளையையும் அழைக்க உரிமை உண்டு என்று கடிதமும் தந்துவிட்டது. அந்த உரிமையைக் கேட்டு அவர் அனுப்பிய மனுதான் எங்கோ ஓர் அலுமாரியில் படுத்திருந்தது.

அப்பா மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினார். சித்தப்பா ஆட்டம் முடிந்தபின் பேஸ்பால் மைதானத்தின் இருக்கைகளுக்கு அடியில் கச்சான் கடலைக் கோதும் கடதாசிக் கோப்பையும் பொறுக்கினார். பள்ளிக்கூடக் காலத்தில், தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாட்டில் மன்னார் முழுக்கப் பேர் எடுத்தவர் அவர். அதனால் பேஸ்பாலைப் பார்த்த முதல் நாளே, "இது சப்பாத்துப் போட்ட எல்லே" என்று முடிவுசெய்து, இரண்டாம் நாளிலிருந்து எல்லோருக்கும் விளக்கத் தொடங்கிவிட்டார்.

அம்மாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவது என் வேலை. அனுப்புமுன் அப்பா வாசிப்பார். கவலை தரும் விடயம் எதுவும் கடிதத்தில் இருக்கக் கூடாது என்பது அவருடைய விதி. வகுப்பில் என்னோடு ஒருத்தியும் கதைப்பதில்லை என்று எழுதினேன், வெட்டினார். ஹீட்டர் வேலை செய்யாததை எழுதினேன், வெட்டினார். அவர் வெளிப்படிக்கட்டின் பனியில் சறுக்கி விழுந்து, முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வேலைக்குப் போவதை எழுதினேன். அதை இரண்டு முறை வெட்டினார். மிஞ்சியது பேஸ்பால்தான்.

எங்கள் அணியில் மைதானத்தின் இரண்டாம் பேஸைக் காக்கும் ஆட்டக்காரர், எங்கள் பேச்சில் இரண்டாம் பேஸ்காரர், மட்டையைத் தூக்குமுன் சிலுவை அடையாளம் போடுவார். அம்மாவுக்கு அது போதும் என்று நினைத்து அவரைப் பற்றி எழுதினேன். போதுமாகத்தான் இருந்தது. 'அந்தப் பிள்ளைக்காகவும் ஒரு செபம் சொல்லுறன்' என்று பதில் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அவர் வந்தார். அவருக்கும் முழங்கால் நோ என்று பேப்பரில் இருந்தது. நல்ல காலம். அப்பாவின் முழங்காலை எழுத முடியாத இடத்தில் அவருடைய முழங்காலை எழுதினேன்: இடது கால், படியேற முடியவில்லை, மருந்துக்குப் போக மாட்டேன் என்கிறார். அப்பா வாசித்தார். வெட்டவில்லை.

அம்மாவின் பதில் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தணம் கொடுக்க வேண்டும், வீரம் காட்டிக்கொண்டு திரியக் கூடாது என்று இரண்டாம் பேஸ்காரருக்குச் சொல்லியிருந்தார். அப்பா அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார். பிறகு குசினிக்குள் போய் உப்புப் போத்தலைத் தேடினார்.

அந்தக் கடிதங்களில் ஒன்றில்தான் நான் வாக்குக் கொடுத்தேன். 'நீங்கள் வந்த உடனே அவரைக் காட்டுவன். மேல் தட்டிலை இருந்தாலும் அவர் சிலுவை போடுறது தெரியும்.'

அணி அந்த வருடமும் வழக்கம்போல நம்பிக்கை தந்து, வழக்கம்போல நான்காவதாக வந்து முடித்தது. ஆட்டம் முடிந்தால் பேச்சும் முடியும் என்று நினைத்திருந்தேன். பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மூலையில் டெப்பனர் என்ற சில்லறைக் கடை வைத்திருந்த கிரேக்கர், விற்காமல் மிஞ்சிய பிரெஞ்சுப் பேப்பரைப் பின்னேரத்தில் எனக்குச் சும்மா தருவார். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்பதால், அகராதியோடு உட்கார்ந்து சித்தப்பாவுக்கு வாசித்துச் சொல்வேன். அந்த மொழியில் வதந்திக்கென்றே ஒரு வினைவடிவம் உண்டு. நடந்தது என்றும் சொல்லாமல், நடக்காது என்றும் சொல்லாமல், பொறுப்பு எதையும் ஏற்காமல் எழுதலாம். இறந்தகாலத்தைச் சரியாகக் கற்குமுன்னே அந்த வடிவத்தை நான் விளையாட்டுப் பக்கத்தில் கற்றுத் தேர்ந்துவிட்டேன். பின்னாளில் அலுவலகத்தில் அது எனக்கு மிகவும் பயன்பட்டது.

நவம்பரில் ஒரு நாள் அந்த வடிவத்தில் இரண்டாம் பேஸ்காரரின் பெயர் வந்தது. கழகத்துக்குப் பந்து எறிகாரர்கள் தேவையாம். அவரைக் கொடுத்து வாங்கக்கூடுமாம்.

"பனி கொட்டினா ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாட்டி இவங்கள் என்னத்தை எழுதுறது? பேப்பரை நிரப்ப வேண்டாமோ?" என்றார் சித்தப்பா. ஆனால் அடுத்த நாள் மைதானத்தில் விசாரித்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் அந்த விதியை எனக்குச் சொன்னார்.

"பத்து வருசம் முடிஞ்சுதெண்டா அவரைத் தொட ஏலாது. அவர் ஓம் எண்டாத்தான் அனுப்பலாம்."

"இது பத்தாம் வருசம்தானே சித்தப்பா?"

"அவங்கள் வருசத்தை நாளாலை எண்ணுறவங்கள். நூற்றி எழுபத்திரண்டு நாள் சேந்தால்தான் ஒரு வருசம். முதல் வருசம் அவரைப் பிந்தித்தான் கூப்பிட்டவங்கள். இப்ப பதினொரு நாள் குறையுது."

"பதினொரு நாளோ?"

"ஓம். ஏப்ரலிலை ஆட்டம் தொடங்கிப் பதினொரு நாள் போச்சுதெண்டா ஒருத்தராலையும் அசைக்க ஏலாது. அதுதான் இப்பவே தள்ளிவிடப் பாக்கிறாங்கள். கச்சேரி எண்டால் அண்ணை உதைச் சரிக்கட்டியிருப்பார்."

"நான் ஒரு நாளும் நாளைச் சரிக்கட்டினது இல்லை," என்றார் அப்பா, முழங்காலில் ஒத்தணத்தை வைத்தபடி.

நான் அழுதேன். அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அம்மா வரும்போது அவர் இல்லாவிட்டால் இந்த ஊரில் காட்டுவதற்கு என்னிடம் வேறு ஒன்றுமே இல்லை என்றேன். அப்பா ஒத்தணத்தைத் தூர வைத்தார்.

"எழுதிக் கேப்பம் பிள்ளை. கேக்கிறதுக்கு விதி தேவையில்லை."

அப்பா எழுதியது கடிதமல்ல, மகஜர். எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் வராவிட்டாலும் மகஜர்தான், பாடசாலைக்கு ஆசிரியர் வராவிட்டாலும் மகஜர்தான். கச்சேரியில் வருடக்கணக்காக அவற்றைப் பெற்றுக்கொண்ட மனிதர், மொன்றியலுக்கு வந்தபின் எழுதும் பக்கத்துக்கு மாறியிருந்தார். குடும்பங்களைச் சீக்கிரம் அழைத்துத் தரும்படி எங்கள் ஆட்கள் சார்பில் ஏற்கெனவே மூன்று எழுதியிருந்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதைப் பேஸ்பால் கழகத்துக்கு எழுதினார். கீழே ஒப்பமிட்டுள்ள நாங்கள் மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது என்னவென்றால், குறைகின்ற பதினொரு நாட்களையும் தாங்கள் பெருந்தன்மையோடு மன்னித்து, மேற்படி ஆட்டக்காரரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக அனுப்பாதிருக்க வேண்டும். சுத்தமான கச்சேரி ஆங்கிலம். எங்கள் கத்தோலிக்கக் கோவில் அலுவலகத்துத் தட்டச்சில் அடித்து, பின்னால் நீளத் தாள்களை இணைத்து, அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறினார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் சித்தப்பா கோவிலின் கீழ்த்தளத்தில், தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் தாளோடு நின்றார். பேனை என் கையில் இருந்தது.

"இது என்னத்துக்குத் தம்பி?" என்று ஓர் அக்கா கேட்டார். உடுப்புத் தைக்கும் ஆலையில் வேலைசெய்பவர், மூன்று பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்.

"பேஸ்போல் விளையாடுற ஒருத்தரை அனுப்பப் போறாங்கள் அக்கா. வேண்டாம் எண்டு கேக்கிறம்."

"எங்கை அனுப்பப் போறாங்கள்?"

"அமெரிக்காவுக்கு."

"அமெரிக்காவுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிற மனுசரும் இருக்கினமோ?" என்று சிரித்துக்கொண்டே பேனையை வாங்கினார். பெயர் எழுதினார், முகவரி எழுதினார், பிறகு கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, அதைப் பார்த்து ஒரு நீண்ட இலக்கத்தை எழுதினார். பின்பு ஒப்பம் வைத்தார். "எங்கட பேர் எங்கையெண்டாலும் கிடக்கட்டும் தம்பி. ஒரு நாளைக்கு ஆராவது வாசிப்பினம்."

அவருக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் தன் இலக்கத்தை மனப்பாடமாகவே எழுதினார்.

அப்போதுதான் சித்தப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். அப்பா கீறிய கட்டங்கள் நான்கு: பெயர், முகவரி, கோப்பு இலக்கம், ஒப்பம். முந்தைய மூன்று மகஜர்களிலும் குடிவரவுக் கோப்பின் இலக்கத்துக்காகக் கீறிய அதே கட்டம். கை தன் பாட்டுக்குக் கீறிவிட்டிருந்தது.

"மாஸ்டர், இது விளையாட்டு விசயம். அந்த நம்பர் தேவையில்லை," என்றார் சித்தப்பா.

"நம்பர் இல்லாத கையெழுத்து ஒரு கையெழுத்தோ?" என்றார் வாத்தியார். "உந்தக் கட்டத்தைக் கீறினவன் வேலை தெரிஞ்ச ஆள்."

நாற்பத்தொரு பேர் ஒப்பம் வைத்தார்கள். நாற்பத்தொரு பேரும் இலக்கம் போட்டார்கள். வீட்டில் சித்தப்பா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தார். அப்பா சிரிக்கவில்லை. முதலாவது வரிசையில் இருந்தது அவருடைய பெயரும் அவருடைய இலக்கமும்தான்.

"வேறை தாளிலை திருப்பி எடுப்பமே அண்ணை?"

"மையாலை ஒப்பம் வைச்சாச்சு. இனித் தொட்டா மகஜர் செல்லாது," என்றார் அப்பா. அடுத்த நாள் அதைப் பதிவுத்தபாலில் அனுப்பினார்.

டிசம்பர் நடுவில் இரண்டாம் பேஸ்காரரை மாற்றிவிட்டார்கள். பனியே விழாத ஒரு தெற்கு நகரத்துக்கு. பதிலுக்கு இரண்டு எறிகாரர்களும், பெயர் பின்னர் அறிவிக்கப்படும் ஓர் ஆட்டக்காரரும். செய்தியை வாசித்துச் சொன்னவளும் நான்தான்.

"பெயர் பின்னர் அறிவிக்கப்படும் எண்டா ஆர் அது?"

"அது அவனுக்கே இன்னும் தெரியாது," என்றார் சித்தப்பா. "எங்கையோ ஒரு ஊரிலை சோறு திண்டுகொண்டு இருப்பான். சாமானைக் கட்டு எண்டு ஒரு நாள் சொல்லுவாங்கள்."

அந்த வாரக் கடிதத்தில் நான் பொய் எழுதினேன். இரண்டாம் பேஸ்காரர் சுகமாக இருக்கிறார், பனிக்காலம் முழுக்க இங்கேயே நின்று பயிற்சி எடுக்கிறார் என்றேன். அடுத்த வாரமும் எழுதினேன். அப்பா வாசித்தார். உண்மை பேசியதற்காக அத்தனை வரிகளை வெட்டிய மனிதர், இந்தப் பொய்யில் ஒரு சொல்லையும் தொடவில்லை. ஆனால் ஆட்டக்காரரைப் பற்றிய செய்தி பேப்பரில் நின்றுவிட்டதால் முழங்காலைப் பற்றி எனக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. பெப்ரவரியில் அம்மாவின் கடிதம் வந்தது. 'அவரின்ரை முழங்காலைப் பற்றி நீ இப்ப எழுதுறேல்லை. என்ன நடந்தது?'

"வீக்கம் வத்திட்டுது, படி ஏறுறார் எண்டு எழுது," என்றார் அப்பா.

"பேப்பரிலை அப்பிடி ஒண்டும் இல்லையே அப்பா."

"எனக்குத் தெரியும். எழுது."

எழுதினேன். எழுதி எழுதி அது ஆட்டக்காரரின் முழங்கால்தான் என்று நானே நம்பத் தொடங்கியிருந்ததால், அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். விமான நிலையத்தில் வேலை செய்கிறவர், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பதில் ஒரு புதன்கிழமை வந்தது. நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அப்பா வெளிப்படிக்கட்டில், பாதி உயரத்தில், உறைந்த இரும்புப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பெரிய உறை. சித்தப்பா இரண்டு படி மேலே சப்பாத்தில்லாமல் நின்றார். நான் கீழே நின்றே கேட்டேன்.

"மகஜருக்கோ அப்பா?"

"ஓம். மகஜருக்குத்தான்."

"அவரைத் திருப்பி எடுக்கினமாமோ?"

அப்பா தாளை என்னிடம் நீட்டினார். அது கழகத்தின் கடிதமல்ல. அரசாங்க முத்திரை இருந்தது. தங்கள் மகஜர் பேஸ்பால் கழகத்தின் முகப்புக் கடிதத்தோடு எமக்குக் கிடைத்தது என்று தொடங்கியது. பின்னால் அந்த முகப்புக் கடிதத்தின் பிரதி. இரண்டே வரி: இது தவறுதலாக எங்கள் முகவரிக்கு வந்திருக்கிறதுபோல் தெரிகிறது, கோப்பு இலக்கங்கள் தங்களுடையவையாக இருக்கலாம், உரிய நடவடிக்கைக்காக அனுப்புகிறோம். கீழே ஒரு பெண்ணின் ஒப்பம், பெயர் வாசிக்க முடியவில்லை.

"உன்ரை ஆளைப் பற்றி இதிலை ஒண்டும் இல்லை பிள்ளை," என்றார் அப்பா. "அம்மாவையும் தம்பியையும் கொழும்புக்கு வரச் சொல்லியிருக்கினம். மருத்துவச் சோதனைக்கு. அது முடிஞ்சா விசா."

நான் மேலே ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று இருவரும் நினைத்தார்கள். சித்தப்பா எனக்காக ஓடிப்போய்க் கிரேக்கரின் கடையில் ஐஸ்கிறீம் வாங்கி வந்தார், அந்தக் குளிருக்குள். நான் அழுதது, அம்மா வரப்போகிறார், இரண்டாம் பேஸ்காரர் இங்கே இல்லை, நான் எழுதிய பொய் எல்லாம் பிடிபடப்போகிறது என்பதற்காக.

அந்த இரண்டு வரியின் பெறுமதி எனக்கு விளங்க இன்னும் பதினைந்து வருடம் ஆனது, அதுவும் நானே ஒரு மேசையில் உட்கார்ந்தபின். ஒரு மனிதன் தன் கோப்பைப் பற்றித் தானே எழுதினால், அந்தத் தாள் கோப்பைத் தேடிப் போகும். எப்போது போய்ச் சேரும் என்று கேட்கக் கூடாது. இன்னொரு நிறுவனம் முகப்புக் கடிதம் வைத்து அனுப்பினால் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அதில் உள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் கோப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும், அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். அதுதான் நடைமுறை. நாற்பத்தொரு கோப்புகளை யாரோ அலுமாரியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆலை அக்காவின் மூன்று பிள்ளைகளும் அந்தக் கோடையில் வந்து சேர்ந்தார்கள். மகஜரால்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். அதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் என் சேவைக் காலத்தில் தவறான முகவரிக்கு வந்த தாள் ஒன்றையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. உரிய இடம் எது என்று தேடி, இரண்டு வரி எழுதி அனுப்பினேன். வாசிக்க முடியாத ஒப்பமும் வைத்தேன்.

முழங்கால் யாருடையது என்பது அம்மாவுக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்திருந்தது. அதை அவர் வந்து ஒரு மாதத்துக்குள் சொல்லிவிட்டார். மனதில் இருந்த இன்னொன்றைச் சொல்ல வருடங்கள் எடுத்தன. பத்து வருடம், ஐந்து வருடம் என்ற விதியை ஒருமுறை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் முப்பத்தொன்பது வருசம் ஒரே ஊரிலை இருந்தனான். வாறியோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டிருந்தா ரெண்டு நாள் யோசிச்சுப்போட்டு ஓம் எண்டிருப்பன். அந்த ரெண்டு நாளைத் தந்திருக்கலாம்," என்றார்.

ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு இவை ஒன்றும் தெரியாது. அழுது முடித்து, ஐஸ்கிறீமையும் முடித்து, உண்மையை எழுதிவிடுவது என்று தீர்மானித்துத் தாளோடு மேசைக்கு வந்தேன். இரண்டாம் பேஸ்காரர் போய்விட்டார், பதினொரு நாள் குறைந்துவிட்டது, உங்களுக்குக் காட்ட இங்கே இப்போது ஒருத்தரும் இல்லை என்று எழுதுவதாக எண்ணம். அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார். அன்று வெட்டுவதற்குப் பேனை எடுத்துவரவில்லை.

"எழுது," என்றார். "என்னத்தையெண்டாலும் எழுது. முதல்லை மேலை திகதியைப் போடு."

போட்டேன். மார்ச் 4. அம்மா வரும் வரையான நாட்களை அதிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.